காதுக்காரிக்குக் கேட்காத சத்தம்

அந்தச் சின்னக் காரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். முதலில் வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். "சந்து பொந்தெல்லாம் பூந்து வரும்ங்க, பெட்ரோலை மோந்து பாத்தே ஓடும்ங்க" என்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி "ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்பது ஒர்க்‌ஷாப்பில் காதுக்காரிக்கு முன்கூட்டியே தெரியும்.

சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? காற்று போகிற வழியில் கரி படிந்திருக்கிறது, துடைத்துவிட்டால் போதும். மேடு ஏறும்போது விக்கி விக்கி இழுக்கிறதா? பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில்களில் ஒன்று மண்டையைப் போட்டிருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுக்கூடக் காணோமா? வாட்டர் பம்ப் கசிகிறது, சூட்டில் அங்கேயே காய்ந்துபோகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வருபவர்களை மட்டும் அவள் முகத்தைப் பார்த்துப் பிரிப்பாள். வெலவெலத்துப் போய் வந்தால் விளக்கு இன்றைக்குத்தான் எரிந்திருக்கும். சாவகாசமாக வந்தால் அது மாதக்கணக்கில் எரிகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அந்த விளக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொண்டு வந்து, மைலேஜ் ஏன் குறைகிறது என்று கேட்டார். படித்த மனுஷர், என்ன செய்ய.

காதுக்காரி என்பது ஒர்க்‌ஷாப்பில் வைத்த பெயர். ஓடுகிற இன்ஜின்மேல் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஆள் நல்ல உயரம். அவள் அப்படிக் குனிந்து நிற்கும்போது மற்ற மெக்கானிக்குகள் கையிலிருக்கும் ஸ்பேனரைக்கூடச் சத்தமில்லாமல் கீழே வைப்பார்கள். கண்ணைத் திறந்து அவள் சொன்னால் சொன்னதுதான். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். தலைக்கனம் இருந்ததா என்றால், இருந்தது. வேலை தெரிந்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் குடியா முழுகிவிடும் என்பது அவள் கட்சி.

அந்தத் தலைக்கனத்தில் அவள் ஒரு சட்டமும் வைத்திருந்தாள். "என் வீட்டுக்கு வந்து பாருங்க, தெருவுல நிக்குது" என்று யார் கூப்பிட்டாலும் போக மாட்டாள். "வண்டிதாங்க என் காதுகிட்ட வரணும். காது வண்டிகிட்ட போகாது" என்று சொல்லிவிடுவாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய மாமியார் ஒரு நாள் தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மாமியார் நர்ஸ். ஆஸ்பத்திரியில் இல்லை, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ். ஆபரேஷன் ஆகி வந்தவர்களுக்குக் கட்டு மாற்றுவார், எழுந்திருக்க முடியாதவர்களுக்கு ஊசி போடுவார், பிரஷர் பார்ப்பார். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினால் ஊரையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். குள்ளமான, கட்டுமஸ்தான பெண்மணி. டிரைவர் சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னால் இழுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்காத குறையாக ஓட்டுவார். ஊரின் ஒரு கோடியில், அடியில் கார் நிறுத்தும் இடமுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருடைய வீடு. மகனும் மருமகளும் இருப்பது மறு கோடியில். வேறு வேறு வீட்டில் இருப்பதால்தான் எங்களுக்குள் இவ்வளவு ஒட்டுதல் என்று மாமியார் மருமகள் இருவருமே வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

"காலையில ஸ்டார்ட் பண்ணதும் இன்ஜினுக்குள்ள ஒரு சத்தம்மா. ஆணி டப்பாவ யாரோ குலுக்கற மாதிரி, கடகட கடகடன்னு. நான் பெல்ட் போட்டு முடிக்கறதுக்குள்ள நின்னுடுது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, சமத்தா ஓடுது. நாள் பூரா ஒரு முனகல் கிடையாது."

"சரி, இப்ப ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க அத்தை, கேப்போம்."

"இப்ப வராதும்மா. காலையில முதல் தடவை மட்டும்தான். நீ நம்பமாட்டேன்னு தெரிஞ்சுதான் போன்ல பிடிச்சு வெச்சிருக்கேன், இந்தா கேளு."

காதுக்காரி போனைக் காதில் வைத்துக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிக் கேட்டார்கள். போனிலிருந்து மாமியாரின் குரல்தான் கணீரென்று வந்தது. "கேக்குதா? இதோ, இதோ, கேக்குதா பாரு! ஐயையோ, நின்னுபோச்சே!" அவ்வளவுதான்.

"அத்தை, இதுல உங்க சத்தம்தான் கடகடன்னு இருக்கு" என்றாள் காதுக்காரி. ஒர்க்‌ஷாப்பே கொல்லென்று சிரித்தது.

மாமியாரும் சிரித்துவிட்டார். "சிரி, சிரி. ஒரு நாள் காலையில நீ என் வீட்டுக்கு வந்து நின்னு கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவ?"

"அதெல்லாம் வேணாம் அத்தை. வண்டிய விட்டுட்டுப் போங்க. இங்கயே நிக்கட்டும். நாளைக்கு வந்ததும் முதல் வேலையா நான் ஸ்டார்ட் பண்ணிக் கேக்கறேன். எந்தச் சத்தமா இருந்தாலும் என் காதுக்குத் தப்பிடுமா?"

மறுநாள் வந்ததும் சொன்னபடியே நேராக அந்த வண்டியிடம் போனாள். ஷெட்டின் சிமெண்ட் தரை கழுவி விட்டுப் பளிச்சென்று இருந்தது. பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. பானெட்டைத் திறந்து முட்டுக் கொடுத்துவிட்டு, டிரைவர் கதவைத் திறந்து, உள்ளே உட்காராமல் வெளியில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பூப்போல எழுந்தது. ஸ்குரூடிரைவரை வைத்து முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எல்லா இடத்திலும் கேட்டாள். கடகடவும் இல்லை, கிடுகிடுவும் இல்லை. குட்டித் தூக்கம் போடுகிறவன் மூச்சு மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமே இல்ல அத்தை" என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே மாமியார் மறுபடியும் வந்து நின்றார். சத்தம் போகவில்லை, முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக வருகிறது என்றார். மறுபடியும் வண்டி ஷெட்டில் நின்றது, மறுபடியும் காலையில் ஜில்லென்ற பானெட், மறுபடியும் பூப்போல எழுந்த இன்ஜின். இந்தத் தடவை காதுக்காரிக்கு லேசாக எரிச்சல் வந்தது. வாடிக்கையாளர்கள் நான்கு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியாகவே சொல்லிவிட்டாள்.

"அத்தை, இன்ஜின் சுத்தமா இருக்கு. ரெண்டு தடவை பாத்தாச்சு. சத்தம் வண்டியில இல்ல."

"அப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார் மாமியார்.

காதுக்காரி சிரித்து மழுப்பினாள். மாமியார் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறி, சீட்டோடு ஏதோ மல்லுக்கட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிடும்போது அதே பேச்சைக் கணவனிடமும் எடுத்தாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் சிரிக்கிற ஜாதி இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கோப்புகளைப் பார்க்கிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க நசுங்கிய கார்களின் போட்டோவையே பார்த்துப் பார்த்து, தெருவில் சைக்கிள் போனால்கூட ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவான்.

"சத்தம் வண்டியில இல்லன்னா, அம்மா காதுலதான் இருக்கு" என்றான் அவன்.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லங்க."

"போன மாசம் பெல் அடிச்சு அடிச்சு கை வலிச்சது எனக்கு. அம்மா கதவையே திறக்கல."

"குளிச்சிட்டிருந்தாங்கன்னு அன்னைக்கே சொன்னாங்களே!"

"அது சொன்னது. இல்லாத சத்தம் கேக்குது, இருக்கற சத்தம் கேக்கல. பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சா கேக்குமா? நான் தினமும் பாக்கறேன் இந்த மாதிரி கேஸ். ஞாயித்துக்கிழமை போயி சாவிய வாங்கிடறேன். வண்டிய வித்துடலாம்."

"வண்டி இல்லாம அத்தை எப்படிங்க வீடு வீடா போவாங்க? வேலையே போயிடுமே!"

"வேலை போனா போகட்டும். ஆளு இருக்கணும்ல. வண்டியில ஒண்ணுமில்லன்னு நீதானே சொன்ன? நீ சொல்லி இதுவரைக்கும் ஒண்ணுகூட தப்பானதில்ல."

இத்தனை நாள் எந்தப் பெருமையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாளோ, அதுவே இப்போது அவள் வாயை அடைத்தது. நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கே அப்படித் தோன்றவில்லையே! காது கேட்டதைத்தானே சொன்னாள்? அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்ற கவலையும், அது தன் வாயால் வந்ததே என்ற கூச்சமும் சேர்ந்து அவளைப் பிய்த்தன.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பிட்டு முடித்தார்கள். சின்ன ஹால். வாசல் பக்கத்து ஸ்டூலில், மறுநாள் வேலைக்கு எடுத்துப் போகவேண்டிய கறுப்புப் பை ரெடியாக இருந்தது. அதன் மேல் ஸ்டெதஸ்கோப் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்து ஆணியில் கார் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. மகன் ரோட்டில் கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது என்று ஆரம்பித்து, லாரிகளைப் பற்றிப் பேசி, வயதைப் பற்றி ஜாடையாகச் சொல்லி, எங்கெங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா மூக்கைச் சுத்தித் தொடற?" என்றார் மாமியார். "சாவிதானே வேணும்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. காதுல பிரச்சினை இருந்தா நாம முதல்லயே..."

மாமியார் மகனை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். "இது நீ சொன்னதாம்மா?"

"வண்டியில சத்தம் இல்லன்னுதான் அத்தை சொன்னேன்."

"அதுக்கு அர்த்தம் இதுதானே?"

காதுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் எழுந்து போனார். ஆணியிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். திரும்பிப் போய்ப் பையையும் தூக்கிக்கொண்டு வந்து சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பை எதுக்கும்மா?" என்றான் மகன்.

"பின்ன? காதுல இந்தக் குழாய மாட்டிக்கிட்டு நெஞ்சுச் சத்தம் கேக்கறதுதாண்டா என் வேலை. இல்லாத சத்தம் கேக்கறவ கையில ஒரு உசிரை நம்பிக் குடுப்பாங்களா? சாவி வேணும்னா பையையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போ. நாளைக்கு ஒவ்வொருத்தருக்கா நானே போன் பண்ணிச் சொல்லிடறேன், இனிமே வரமாட்டேன்னு."

அவர் குரல் துளிகூட நடுங்கவில்லை. அதுதான் கேட்பவர்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மகன் சாவியைக் கையில் எடுத்தான். பையைத் தொட அவனுக்குக் கை வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்றார் மாமியார் மருமகளிடம். "ரெண்டு தடவையும் வண்டிய திருப்பிக் குடுக்கும்போது சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளியே குடுத்த. உனக்கென்ன, நெட்டைக்கொக்கு. எனக்குக் கால் கிளட்சுக்கு எட்டாம உன் ஒர்க்‌ஷாப் வாசல்லயே திண்டாடினேன். இனிமே வேற எந்தக் குள்ளச்சிக்காவது வண்டி குடுத்தா, சீட்டை இருந்த இடத்துல வெச்சுக் குடு."

"சீட்டா? நான் உங்க சீட்டைத் தொடவே இல்லையே அத்தை."

"அப்ப அதுவும் என் பிரமையா?"

"இல்ல அத்தை, நிஜமாத்தான் சொல்றேன். நான் உள்ள உக்காரவே இல்ல. வெளிய நின்னுதான் சாவிய..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

அவள் உட்காரவில்லை. ஆனால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நீளக் கால் உள்ள யாரோ. அந்தக் கணத்தில் அவளுக்கு ஷெட்டின் தரை ஞாபகம் வந்தது. தினமும் காலையில் கழுவிப் பளிச்சென்று இருக்கிற தரை. கார்கள் நிற்கிற இடத்துக்கு அடியிலும் அதே பளிச். காரை நகர்த்தாமல் அதற்கு அடியில் எப்படிக் கழுவுவார்கள்? இத்தனை வருஷமாக அந்தத் தரையில் படுத்துப் புரண்டு வேலை பார்த்தவள் ஒரு நாளாவது இதை யோசித்தாளா? பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

அங்கேயே ஒர்க்‌ஷாப் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, காலையில தரை கழுவறீங்களே, ஷெட்ல நிக்கற வண்டியெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"என்னம்மா கேள்வி இது? ஒவ்வொண்ணா ஸ்டார்ட் பண்ணி வெளிய எடுத்து விடுவேன். கழுவினதும் மறுபடி ஸ்டார்ட் பண்ணி இருந்த இடத்துலயே கொண்டாந்து வெச்சிடுவேன். கோடு போட்ட மாதிரி வெப்பேன், நீங்க பாத்ததில்ல? நான் இல்லாட்டி நீங்கள்லாம் எண்ணெய்ச் சேத்துலதான் புரளணும்."

"எப்ப செய்வீங்க?"

"நீங்கள்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. அப்பதான் தரை காயும்."

"எங்க அத்தையோட சின்ன வண்டிய?"

"அதையும்தான். அதுல ஏறி உக்காந்தா முட்டி ரெண்டும் மூக்குல இடிக்குதும்மா. சீட்டைப் பின்னாடி தள்ளினப்புறம்தான் மூச்சே விட முடிஞ்சுது. ஆனா ஸ்டார்ட் பண்ணதும் கடகடன்னு ஒரே சத்தம். அதான் நீங்க பாக்க வெச்சிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

மாமியார் மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"ஆனா பானெட் ஜில்லுன்னு இருந்துதே!" என்று காதுக்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். கணவனுக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். "இன்ஜினுக்குள்ள டைமிங் செயின்னு ஒரு சங்கிலி ஓடுதுங்க. அது தொங்காம இழுத்துப் பிடிக்க டென்ஷனர்னு ஒரு துண்டு இருக்கு. ஆயில் அழுத்தத்துலதான் அது வேலை செய்யும். தேஞ்சு போச்சுன்னா, ராத்திரி பூரா வண்டி நிக்கும்போது அதுல இருக்கற ஆயில் வடிஞ்சு கீழ போயிடும். காலையில போட்டதும் ஆயில் மேல ஏறுற வரைக்கும் சங்கிலி தொளதொளன்னு இன்ஜினோட உள்சுவத்துல அடிக்கும். ஏறிடுச்சுன்னா சத்தம் நின்னுடும். வாட்ச்மேன் அண்ணன் ரெண்டு நிமிஷம் ஓட்டினாலே ஆயில் ஏறிடும். அது அப்புறம் சீக்கிரத்துல வடியாது. ஆனா ரெண்டு நிமிஷ சூடு நான் வர்றதுக்குள்ள ஆறிடும். நான் தொட்டுப் பாத்து ஏமாந்தது அந்த ஜில்லுல."

"அப்ப..." என்றான் கணவன்.

"அப்ப என்ன அப்ப? முதல்ல அந்தச் சாவிய கீழ வைங்க. நாளைக்குக் காலையில வண்டிய யாரும் தொடறதுக்கு முன்னாடி நான் இங்க இருப்பேன். நீங்களும் வரணும்."

காது வண்டிகிட்ட போகாது என்ற சட்டம் என்ன ஆயிற்று என்று அவள் கணவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

மறுநாள் விடிகிற நேரத்தில் மூன்று பேரும் அடுக்குமாடியின் அடித்தளத்தில் நின்றார்கள். கணவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். மாமியார் வேலைக்குப் போகிற உடுப்பில், பையோடு வந்திருந்தார். காதுக்காரி ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்திருந்தாள். தொழில் பண்ண ஆரம்பித்த நாளிலிருந்து, இன்ஜின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

"நீங்களே போடுங்க அத்தை. தினமும் போடற மாதிரி."

மாமியார் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

கடகடகடகட! ஸ்குரூடிரைவருக்கெல்லாம் வேலையே வைக்கவில்லை. அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. ஆணி டப்பா என்று அத்தை சொன்னது சரியாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். கணவன் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினான். மாமியார் பெல்ட்டை எட்டி இழுத்து மாட்டினார். கிளிக் என்று மாட்டிய சமயத்தில் சத்தம் நின்றது.

"ஆஃப் பண்ணுங்க அத்தை! ஆஃப், ஆஃப்! இனிமே இதைத் தொடவே கூடாது. செயின் ஒரு பல்லு தாண்டினாக்கூட இன்ஜின் நடுரோட்டுல செத்துடும்" என்று கத்தினாள் காதுக்காரி. அந்தக் கடகடவை வைத்துக்கொண்டு இந்த மனுஷி ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாரே, மேம்பாலத்தில் ஏறி இறங்கியிருக்கிறாரே என்று நினைத்தபடியே டிரைவர் பக்கம் ஓடினாள். கதவைத் திறந்து, மாமியாரின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"சத்தம் வண்டியிலதான் இருக்கு அத்தை. உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல. நாலு பேர் முன்னாடி அப்படிச் சொன்னது என் தப்பு. அதே நாலு பேர் முன்னாடி திருப்பிச் சொல்றேன்."

"நாலு பேரைத் தேடிக்கிட்டு எங்க போவ? விடு" என்றார் மாமியார். கண் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது. ஒரு விரலால் துடைத்துக்கொண்டு உடனே பையை எடுத்தார். "முதல் வீட்டுல கட்டு மாத்தணும், காத்துக்கிட்டிருப்பாங்க. வண்டிய தொடக்கூடாதுன்னுட்ட. இப்ப என்னை யாரு கூட்டிட்டுப் போறது?"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் அவன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தன் காரில் அம்மாவை வீடு வீடாகக் கூட்டிப் போய், ஒவ்வொரு வாசலிலும் காத்துக்கிடந்தான். பக்கத்துச் சீட்டில் மாமியார் மடியில் பையோடு உட்கார்ந்து, "பின்னால லாரிக்காரன் ஹார்ன் அடிக்கறான் பாரு, கேக்கலையா உனக்கு?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாராம். அவன் வீட்டுக்கு வந்து புலம்பினான். காதுக்காரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து இன்ஜினைப் பிரித்தாள். டென்ஷனர் தேய்ந்து ஓய்ந்திருந்தது. சங்கிலி தொங்கிப்போய், அதை வழிநடத்துகிற பிளாஸ்டிக் பட்டையையே கடித்துத் துப்பியிருந்தது. உடைந்த துண்டுகளை ஒரு தட்டில் போட்டு, எல்லா மெக்கானிக்குகளையும் கூப்பிட்டுக் காட்டினாள். வாட்ச்மேனையும் கூப்பிட்டாள். அவர்மேல் பாய்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? சத்தம் வந்துதான்னு என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?" என்று அவரே முந்திக்கொண்டார்.

"கேக்கல அண்ணே. இனிமே தினமும் கேப்பேன்" என்றாள் அவள். "காலைச் சத்தம்னு வர்ற வண்டியில ஸ்டியரிங்ல சிவப்புத் துணி கட்டியிருக்கும். அந்த வண்டிய நகத்தாதீங்க, அடியில கழுவ வேணாம். நான் சேத்துலயே புரண்டுக்கறேன்."

அதோடு விடவில்லை. காலையில் சத்தம் வருகிறது என்று சொல்லி, ஒன்றுமில்லை என்று தன் வாயால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யார் யார் என்று ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்திப் போன் போட்டாள். மைலேஜோடு காலைச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியிருந்த ஸ்டிக்கர் வாத்தியாரும் அதில் ஒருத்தர். "நீங்க சொன்னது சரியா இருக்கலாம் சார், நாளைக்குக் காலையில நானே உங்க வீட்டுக்கு வந்து கேக்கறேன்" என்றாள். அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்ட மெக்கானிக்குகள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்கள். அவளோ எதுவுமே நடக்காத மாதிரி அடுத்த நம்பரை அழுத்தினாள். தலைக்கனம் குறைந்ததா என்று கேட்டால், அப்படியெல்லாம் இல்லை. அது இப்போது தானாகவே வண்டி இருக்கும் இடத்துக்குப் போகக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

வேலை முடிந்த அன்று வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். சீட்டைத் தொடவில்லை. மாமியார் விட்டிருந்த அளவிலேயே, முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, தலை கூரையில் முட்ட, மடக்கிவைத்த குடை மாதிரி உட்கார்ந்துகொண்டு ஊரின் மறு கோடி வரைக்கும் ஓட்டினாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். அடித்தளத்தில் நிறுத்தி இறங்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

அன்றிரவு அவள் அங்கேயே தங்கினாள். காலையில் இருவரும் இறங்கி வந்தார்கள். மாமியார் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினார். கால் கிளட்சைத் தொட்டது. குனிந்து சீட்டைப் பார்த்தார், நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். அவளுடைய நீளக் கால்களை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தடவை பார்த்தார்.

"இப்படியேவா ஓட்டிக்கிட்டு வந்த?"

"ஆமா அத்தை."

மாமியார் கையை நீட்டி மருமகளின் கன்னத்தைத் தட்டினார். பிறகு சாவியைத் திருப்பினார். இன்ஜின் எழுந்தது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். மாமியார் பெல்ட்டை இழுத்து மாட்டினார். கிளிக் என்ற சத்தத்துக்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா" என்றார் மாமியார், கண்ணைத் திறந்து. "உன் புருஷன்கிட்ட மட்டும் சொல்லிடாத. மறுபடியும் சாவிய வாங்க ஓடி வந்துடுவான்."